மணி அடித்தவருக்கு டீ

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை வழக்கம்போல் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாளா?

பேனா பிடித்துப் பல வருடமாகிவிட்டது. பாதிப் பக்கத்துக்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் காகிதத்தில்தான் எழுதப் போகிறேன். போன வாரம் என் பெயரில் உனக்கு ஒரு மெயில் வந்ததே, "அக்கா, கடை கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை உடனே அனுப்பு" என்று, அது நான் அனுப்பியதில்லை. நல்ல வேளை, போன் செய்து கேட்டாய். அனுப்பியவன் உன் கடை மெயிலுக்குள் புகுந்து, நாம் எழுதுவதையெல்லாம் சாவகாசமாகப் படித்துக்கொண்டிருக்கலாம். கடை விஷயம் எதையும் இனி மெயிலில் எழுதாதே. உன் கோழிக் கிறுக்கலை எந்தத் திருடனாலும் அப்படியே போட முடியாது. போனிலும் வேண்டாம், மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடும்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அப்பா விட்டுப்போனது பாத்திரக் கடை இல்லை. எந்த வீட்டுக்கு எந்த நாள் ஆக்சிஜன் சிலிண்டர் போக வேண்டும் என்ற பட்டியல் முழுவதும் அந்த ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது போய்விட்டால் படுக்கையில் இருப்பவர்களின் கதி என்ன? திரையின் ஓரத்தில் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் கிழித்துப் போடு. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை நகல் எடுக்கும் டிஸ்கை எப்போதும் சொருகியே வைக்காமல் வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வை.

சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். கம்ப்யூட்டர் திருடர்களிடம் ஏமாறாமலிருக்க ஆட்களைப் பழக்குவதுதானே இங்கே என் தொழில். அதனால் உன் ஆட்களுக்கு நானே ஒரு பொய் மெயில் அனுப்பப் போகிறேன். யார் ஏமாந்து அமுக்குகிறார்களோ அவர்கள் பெயர் எனக்கு வந்துவிடும். அதை எழுதிச் சுவரில் ஒட்டு. எங்கள் நிறுவனத்தில் வாசலிலேயே பெரிய திரை வைத்து, ஏமாந்தவர் பெயரைப் போடுகிறோம். என் யோசனைதான். ஒரு முறை பெயர் வந்தவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். மாத்திரை தலையணைக்கு அடியில் இல்லை, பூந்தொட்டிக்குள் இருந்தது. செடி நன்றாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சீட்டைக் கிழித்துவிட்டேன். ஆளுக்கொரு பாஸ்வேர்ட் போடச் சொல்லியாகிவிட்டது. டிரைவர் அண்ணன் மூன்று நாளில் நான்கு முறை மறந்தார். டிஸ்க் விஷயம் நினைவிருக்கிறது, செய்கிறேன்.

உன் பொய் மெயிலில் விழுந்தது யார் தெரியுமா? நம் கணக்கக்காதான்! அப்பா காலத்திலிருந்து ஒரு சிலிண்டர் கணக்குத் தவறாதவர். "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது" என்று பார்த்ததும் அமுக்கிவிட்டார். நீ போனில் பெயரைச் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் வாய் உனக்குத் தெரியுமே. எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "இத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்? ஒரு பார்சலுக்கு ஆசைப்பட்டுக் கடையையே தூக்கிக் குடுத்திருப்பீங்களே!" என்று கேட்டேன். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, ரெகுலேட்டர் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். வருகிற வாடிக்கையாளர்கள்கூடப் படிக்கிறார்கள்.

இரவு படுத்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. சரி, நன்மைக்குத்தானே.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பூந்தொட்டியைப் பரணில் வை.

உறுத்தலெல்லாம் வேண்டாம். இரண்டாவது பொய் மெயில் அனுப்பினேன், ஒருவர்கூட அமுக்கவில்லை. பார்த்தாயா? நூறு முறை நயமாகச் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது. மனிதர்கள் பயத்துக்குத்தான் கட்டுப்படுவார்கள். அந்தத் தாளை எடுத்துவிடாதே, அப்படியே இருக்கட்டும்.

இங்கே என்னைப் பதவி உயர்த்தியிருக்கிறார்கள். அந்தத் திரைக்குத்தான் பாராட்டு. அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதவி உயர்வு கேட்டு அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர் வரை சொல்லிவிட்டாள். முழங்கால் வலி அன்று ஒரு நாள் காணாமல் போனது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கடை அமைதியாக இருக்கிறது. எனக்கே ஒரு மாதிரி இருக்கிற அளவுக்கு அமைதி. கணக்கக்கா எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை, சிலிண்டர் அடுக்கியிருக்கும் பின்கட்டில் தனியாகச் சாப்பிடுகிறார். எதைக் கேட்டாலும், "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்கிறார். அதற்கு மேல் பேச்சு வராது. போன வாரம் ஒரு வீட்டிலிருந்து சக்கர நாற்காலி கேட்டு வந்த மெயிலை இரண்டு நாளாக யாரும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "பொய் மெயிலா இருந்தா?" என்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இதுவும் நல்லதற்குத்தானா? நீதான் படித்தவன், சொல்.

அக்கா

*

மார்ச் 19

தம்பி,

நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன், மீதி அழுகையாகிவிட்டது. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம் என்று நாலு வரி. பட்டியல் இல்லை. நகல் டிஸ்க்கும் பூட்டிக் கிடந்தது. அதைக் கழற்றிப் பீரோவில் வை என்று நீ எழுதியதை நான் செய்யவே இல்லை, அது அங்கேயேதான் சொருகியிருந்தது. உனக்குப் போன் செய்தேன். நீ ஒயரைப் பிடுங்கச் சொன்னாய், எதையும் அமுக்காதே, பணம் கொடுக்காதே என்றாய். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது உன் பக்கத்தில் டிங், டிங் என்று ஏதோ வந்துகொண்டே இருந்தது. "சே, இது வேற" என்று எதையோ அமுக்கிவிட்டு மறுபடி எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். உன் வேலையைக் கெடுத்தேனோ என்று அப்போதே நினைத்தேன்.

டிரைவர் அண்ணன் நினைவிலிருந்தே வீடுகளைச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டு வண்டி புறப்பட்டது. நாங்கள் தெரிந்த நம்பர்களுக்கெல்லாம் போன் போட்டு, "உங்க சிலிண்டர்ல முள் எங்க நிக்குது?" என்று கேட்டபடி இருந்தோம். மதியம் ஆகும்போது நான் நடுக்கூடத்தில் நின்று கத்த ஆரம்பித்தேன். "எவ செஞ்சது இது? எவன் அமுக்கினது? இப்பச் சொல்லலைன்னா எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

கணக்கக்கா எழுந்து நின்றார். "மேடம், நான்தான். போன செவ்வாக்கெழம. சிலிண்டர் நிரப்புற கம்பெனி பேர்ல, லீவு நாள் எப்பன்னு ஒரு மெயில் வந்துச்சு. திறந்ததும் திரை ஒரு வெட்டு வெட்டுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லத்தான் வந்தேன். அந்தச் சுவரைப் பாத்தேன், திரும்பிப் போயிட்டேன். என்னை அப்புறமாத் திட்டுங்க. மூணாவது மாடி டீச்சர் வீட்டுக்கு இன்னைக்கு சிலிண்டர் மாத்தணும். புதுசா வந்தவங்க. நான்தான் பேரை ஏத்தினேன். டிரைவர் அண்ணன் அன்னைக்கு லீவு, அவருக்கு அந்த வீடு தெரியாது."

டீச்சர் என்றால் ஓய்வுபெற்ற டீச்சர். தங்கையோடு இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. வண்டியில் போய்க்கொண்டிருந்த டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டு அங்கே திருப்பினோம். டிரைவர் அண்ணன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. முள் அடியில் கிடந்ததாம், டீச்சரின் உதடு நீலமாக இருந்ததாம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துவிட்டார். அந்தத் தங்கை என்னைப் பார்த்து, "காலையிலேர்ந்து உங்களுக்குத்தான் அடிச்சேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒயரைப் பிடுங்கியிருப்போம், நகலாவது தப்பியிருக்கும். ஆறு நாள் அந்தத் திருடன் உள்ளே உலாவியிருக்கிறான். ஆறு நாளும் நான் கேட்டிருக்கிறேன், "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது அவரை என்ன செய்வது? எழுது.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

கடிதம் கிடைத்தது. ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல்களை வைத்துப் பட்டியலைத் திரும்ப ஏற்று. பழைய கம்ப்யூட்டரைத் தொடாதே, புதிது வாங்கு. டிஸ்கைக் கழற்றி வை. இந்த முறையாவது.

அந்தக் கணக்கக்காவை வேலையை விட்டு நிறுத்து. தப்புச் செய்தவரை மன்னிக்கலாம், மறைத்தவரை மன்னிக்கக் கூடாது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த இடத்திலும் வேலை கிடையாது, அதுதான் முறை. உலகம் முழுக்க அப்படித்தான். பாவம் பார்க்காதே.

பகலில் போன் செய்யாதே. வேலை அதிகம்.

தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. அதை நீ இந்த முறை விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் நீ ஒரு கடிதமும் எழுதியதில்லை. கம்பெனி உறையும் இல்லை, கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து எழுதியிருக்கிறாய். பதவி உயர்ந்தவனுக்கு உறைகூடவா கொடுக்க மாட்டார்கள்?

கணக்கக்காவை நான் நிறுத்தவில்லை. கோபித்துக்கொள். யோசித்துப் பார்த்தேன், அவர் வாயை மூடியது யார்? நான்தான். டீச்சரின் மூச்சு என் வாயால்தான் நின்றிருக்கும். சுவரிலிருந்த தாளை அவர் கண் முன்னாலேயே கிழித்தேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. கல்லாப் பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுகிற மணி இருக்குமே, வாடிக்கையாளர்கள் எங்களைக் கூப்பிடுவதற்கு, அதை எடுத்து நடு மேசையில் வைத்தேன். எதையாவது அமுக்கிவிட்டால், எதிலாவது சந்தேகம் வந்தால், யாராக இருந்தாலும் அதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். யாரும் திட்டக் கூடாது. அன்றைக்கு யாருக்குத் திட்டுகிற உரிமை அதிகமோ, அவர் வாயை மூடிக்கொண்டு போய், மணி அடித்தவருக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும். வாய் சும்மா இருக்க வேண்டுமென்றால் கைக்கு வேலை கொடுக்க வேண்டும், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. மணி மேல் தூசு படிந்தது. என்னை நம்பவில்லை, எப்படி நம்புவார்கள்? கடைசியில் நானே அடித்தேன். எல்லாரையும் புதுப் பாஸ்வேர்ட் போடச் சொல்லிவிட்டு, முதலாளி என்ற மிதப்பில் நான் மட்டும் பழையதையே வைத்திருந்தேன். புதுக் கம்ப்யூட்டரிலும் அதையேதான் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். கணக்கக்கா மெதுவாக எழுந்து உள்ளே போனார். டீ வந்தது. சர்க்கரை அதிகம், ஆனால் வந்தது.

மறுநாளே டிரைவர் அண்ணன் டிங். "மேடம், போனை எங்கயோ ஒரு வீட்டு மாடிப்படியில வச்சிட்டு வந்துட்டேன், அதுல எல்லா வீட்டு அட்ரஸும் இருக்கு." எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். டீ பொங்குவதற்குள் போன் கிடைத்துவிட்டது.

உன் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது. எந்த நேரம் போன் செய்யலாம் என்று எழுது.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. வேலையும் சரியாக இருக்கிறது. மணி யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய நிறுவனங்களில் அதெல்லாம் நடக்காது.

அம்மாவின் முழங்கால் எப்படி? அறையை மாற்றியிருக்கிறேன், புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால் மாறினேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எல்லாம் சரியாக இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட்டேன், அதற்கு நீ பதில் எழுதவில்லை. உன் போன் அணைந்தே கிடக்கிறது. அம்மா தினமும் கேட்கிறாள், பதவி உயர்ந்தால் அப்படித்தான் என்று சமாளிக்கிறேன்.

முதலில் ஒரு நல்ல சேதி. போன வியாழக்கிழமை கணக்கக்கா மணி அடித்தார். அதே சிலிண்டர் கம்பெனி பேரில், அதே மாதிரி மெயில், இந்த முறை விலை மாற்றம் என்று. அமுக்கியும் விட்டார். அடுத்த நொடியே கை மணிக்குப் போயிருக்கிறது. அடித்த வேகத்தில் மணி மேசையிலிருந்து கீழே விழுந்தது. டிரைவர் அண்ணன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். டிஸ்க் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஒரு வீட்டுக்கும் சிலிண்டர் தாமதமாகவில்லை. மூன்றாம் மாடி டீச்சருக்கும்தான். நான் டீ போட்டேன். கணக்கக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன கல் நெஞ்சா?

இனி உன் விஷயம். உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த வார்த்தையை எனக்குத் தெரியும் தம்பி. ஆறு நாள் கேட்டிருக்கிறேன். அப்போது நம்பினேன், அதற்கு ஒரு டீச்சர் உதடு நீலமாகிக் கிடந்தார். இந்த முறை நம்பவில்லை. உன் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் உன் பெயரை மூன்று முறை கேட்டுவிட்டு, "அந்தப் பேர்ல இப்ப இங்க யாரும் இல்லைங்க" என்றாள். அந்த 'இப்ப' எனக்குப் போதும்.

என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் என் வாய் கடிதத்திலும் கத்தும். இதோடு ஒரு சின்னப் பார்சல் வரும். பொய்ப் பார்சல் இல்லை, பயப்படாமல் பிரி. நம் கடை மணிதான். மணி இல்லாமல் இங்கே காலி சிலிண்டரை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருக்கிறோம். தட்டுகிற ஒவ்வொரு முறையும் தெருவே திரும்பிப் பார்க்கிறது, அதனால் சீக்கிரம் அனுப்பிவிடு.

விதி உனக்குத் தெரியும். யாரும் திட்ட மாட்டோம்.

அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்து மேசை மேல் வைத்துவிட்டு நாலு நாள் அதைப் பார்க்காமல் சுற்றிவந்தேன். ஐந்தாம் நாள் அடித்தேன். இந்த அறையின் சுவர் அட்டை மாதிரி. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, என்ன ஆயிற்று, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரிடம்தான் முதலில் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

திங்கட்கிழமை நாம் போனில் பேசும்போது டிங் டிங் என்று வந்தது என்று எழுதினாயே, அதைப் படித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அது என் அலுவலகக் கம்ப்யூட்டர் கணக்கு எனக்கு அனுப்பிய கேள்வி. 'உள்ளே நுழைவது நீங்கள்தானா?' என்று. நான் இல்லை. எவனோ என் பாஸ்வேர்டை எப்படியோ பிடித்து, நுழையப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி மறுபடி கேட்டது. நீ அழுதுகொண்டிருந்தாய். சத்தம் நின்றால் போதும் என்று 'ஆமாம்' என்று அமுக்கிவிட்டேன். ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற நான்.

போனை வைத்ததும் புரிந்துவிட்டது. அந்த நிமிடமே சொல்லியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. எழுந்து மேலாளர் அறை வரை போனேன். வழியில் என் திரை இருந்தது. நான் வைத்த திரை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள். அதற்குள் அவன் அள்ள வேண்டியதை அள்ளிக்கொண்டான். பிறகு அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். என் பெயரை அதே திரையில் போட்டார்கள். கீழே நின்று படித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் சொன்னால், உனக்காகப் பேசிக்கொண்டிருந்ததால்தான் என்று நீ மனசைப் போட்டு அறுத்துக்கொள்வாய் என்று சொல்லவில்லை. இப்படி எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் வெட்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. கணக்கக்காவை வேலையை விட்டு நிறுத்து என்று உனக்கு எழுதினேனே, அன்றைக்கு எனக்கு வேலை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அவரைப் பற்றி எழுதவில்லை அக்கா. என்னைப் பற்றித்தான் எழுதினேன். அவரிடம் இதைச் சொல். நான் எழுதியதையும் சொல், மறைக்காதே.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம், முழங்கால் அப்படியேதான். அவளிடம் சொன்னேன். "புள்ள சாப்பிட்டானாமா?" என்று கேட்டாள். பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர் எல்லாரையும் அவளே பார்த்துக்கொள்கிறாளாம், நீ கவலைப்பட வேண்டாமாம்.

அந்த 'ஆமாம்' என்று அமுக்கியதில் பாதி விரல் என்னுடையது. இதை நீ மறுத்து எழுதுவாய், எழுது. எனக்குப் பதில் வந்தால் போதும்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு வாய் நிறைய வந்தது. நாலு மாசம் தனியாகக் கிடந்தாயே, அக்கா என்று ஒருத்தி செத்தா போனாள் என்று. விதி ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன். கணக்கக்காவிடம் உன் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன், நிறுத்து என்று எழுதியதையும், இதையும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, அடியில் இரண்டு வரி இடம் விடச் சொன்னார். இடம் விட்டிருக்கிறேன்.

புறப்பட்டு வா. மணியை எடுத்து வர மறக்காதே.

அக்கா

தம்பி, நான் கணக்கக்கா. உங்க பேரு இங்க எந்தச் சுவத்துலயும் இல்ல. எனக்கு வாயத் திறக்க ஆறு நாள் ஆச்சு, உங்களுக்கு நாலு மாசம் ஆயிருக்கு, பரவால்ல. உங்களத் திட்டுற உரிமை இங்க எனக்குத்தான் அதிகம்னு மேடம் சொல்றாங்க. அதனால வாங்க, டீ நான் போடுறேன்.